இடப்பக்கம் சரிந்து

கொடிகாமம் சந்தைக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் உதயகலாவுக்கு வலது கால் முழங்காலுக்குச் சற்று மேலிருந்து இல்லை. சண்டையில் இடம்பெயர்ந்த சனம் திரும்பவும் ஊருக்கு வந்த காலத்தில், பன்னிரண்டு வயதில், தங்கள் பனங்காணிக்குள் ஆடு தேடிப் போனவள் மிதிவெடியை மிதித்தாள். கேட்பவர்களுக்கு அவள் சொல்வது இவ்வளவுதான். செயற்கைக் காலோடு பள்ளிக்கூடம் போனாள், கொம்பியூட்டர் படித்தாள், கடை போட்டாள். முப்பத்திரண்டு வயதில் வயரிங் வேலை செய்யும் வாகீசனைக் கலியாணம் கட்டினாள். மிஞ்சியிருந்த தொடையில் மட்டும் யாரும் கைவைக்க விடமாட்டாள். வாகீசனும் அதைக் கேட்டதில்லை.

பிள்ளை தங்கியதும் கிளினிக்குக்குப் போனாள். நிறை பார்க்கும் இடத்தில் ஒரு நேர்ஸ், வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க, "காலைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ" என்றாள்.

"மறைப்பு ஒண்டு போடுங்கோ, கழட்டுறன்."

மறைப்பு இருக்கவில்லை. அன்று நிறை பார்க்காமலே வந்துவிட்டாள். அடுத்த முறை பிரசவ வாட்டு மருத்துவமாது இராசமலர் அங்கே நின்றாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளை உள் அறைக்குக் கூட்டிப் போய், செயற்கைக் காலை மட்டும் தராசில் வைத்து நிறுத்து, அந்த நிறையைக் கிளினிக் கொப்பியின் மட்டையில் எழுதினாள். பிறகு ஒவ்வொரு முறையும் அதைக் கழித்துக்கொண்டார்கள்.

ஏழாம் மாதம் தொடை வீங்கி, செயற்கைக் கால் ஏறாமல் போயிற்று. ஊன்றுகோல் இரண்டோடுதான் நடமாட்டம். அந்த நிலையில்தான் அவளும் வாகீசனும் டொக்டர் தக்சாயினியிடம் போனார்கள். அவர் கொப்பியைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்களுக்கு சிசேரியன்தான். திகதி போட்டுத் தாறன்."

"ஏன் டொக்டர்?"

"உங்கடை கால் இப்பிடியெல்லோ."

"பிள்ளை காலாலையோ வரப்போகுது?"

வாகீசன் நிலத்தைப் பார்த்தான். டொக்டர் பேனையை வைத்துவிட்டு முதல்தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, சொல்லுங்கோ. ஏன் வேண்டாம் எண்டுறியள்?"

"ஒரு காலும் ரண்டு தடியுமாய் எழும்பேக்கை என்னைத் தூக்கிறது வயிறுதான். அதை வெட்டித் தைச்சால் நான் எப்பிடி எழும்புறது?"

"அதை நான் யோசிக்கேல்லை," என்றார் டொக்டர். கட்டிலில் ஏறச் சொல்லி நிதானமாகச் சோதித்தார். "இடுப்பிலை குறையில்லை. பாப்பம். ஆனால் பிள்ளையின்ரை துடிப்புக் குறைஞ்சால் வெட்டுவன். அப்ப சண்டைக்கு வரக்கூடாது."

"ஓம். அப்ப வெட்டுங்கோ."

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். தாயைக் கூப்பிடாமல், வாகீசனின் தமக்கை கஜந்தினியை வரச் சொன்னாள் உதயகலா. கலியாணம் பேசியபோது, "ஒற்றைக் காலோடை பிள்ளை வளர்க்கிறது லேசே?" என்று கேட்டவள் கஜந்தினி. தாய்க்கு மனத்தாங்கல். "நீங்கள் அழுவியள் அம்மா. எனக்கு அழாத ஆள் வேணும்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

வலி காலையில் தொடங்கியது. மல்லாக்கக் கிடத்தி, தொடையை ஒரு பட்டியில் மாட்டினார்கள். உதைக்க வலப்பக்கம் பாதம் இல்லை. ஒவ்வொரு வலிக்கும் உடம்பு ஒரு பக்கமாக வழுகியது, பட்டியும் கழன்றது. இளம் நேர்ஸ் திரும்பத் திரும்ப மாட்டினாள்.

"எனக்கு உது சரிவராது. சரிஞ்சு படுக்க விடுங்கோ."

"சரிஞ்சு படுத்தால் நாங்கள் எப்பிடிப் பிள்ளையை எடுக்கிறது?"

இராசமலர் வெளியே போய் டொக்டரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். "அவவுக்கு எப்பிடி வசதியோ அப்பிடிப் படுக்கட்டுமாம்."

இடப்பக்கம் சரிந்தாள். இடது பாதத்துக்குக் கட்டிலின் கம்பி உதைப்பாகக் கிடைத்தது. இராசமலர் அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"பிள்ளை, வலப்பக்கத்தை ஒராள் உயர்த்திப் பிடிக்கவேணும். நான் தொடலாமோ? இல்லாட்டி மச்சாள் பிடிக்கட்டோ?"

ஒரு வலி வந்து போயிற்று. தொடையை மூடியிருந்த துணியை உதயகலாவின் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"மச்சாள் பிடிக்கட்டும்," என்றாள். துணியைத் தானே விலக்கினாள்.

கஜந்தினி தொடையை இரண்டு கையாலும் ஏந்தி உயர்த்தினாள். "நோகுதோ?"

"உதிலை நோகேல்லை. இறுக்கிப் பிடியுங்கோ."

பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது. அதற்கு முன் பிள்ளையின் துடிப்பு ஒருதரம் குறைந்து, டொக்டர் கையுறையோடு வாசலில் வந்து நின்றார். பிறகு கூடிவிட்டது. சில தையல்கள் போடவேண்டியிருந்தது. பிள்ளையை நெஞ்சில் வைத்தபோது உதயகலா அழுதாள். கஜந்தினி அழவில்லை. இரண்டு கைகளும் விறைத்துப்போய், விரல்களை நீட்டமுடியாமல் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

எல்லாம் நல்லபடி நடந்ததென்று சொல்லமுடியாது. வாட்டுக் கழிப்பறையில் பிடித்து எழும்ப ஒரு கம்பி இல்லை. அடுத்த நாள் உதயகலா ஈரத்தில் வழுக்கி விழப் பார்த்தாள். சொன்னாள். ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து வைத்தார்கள், அவ்வளவுதான். வீடு போகும்போது திரும்பவும் சொன்னாள். "மேலிடத்துக்கு எழுதிப் போடுறன்" என்றாள் இராசமலர்.

வீக்கம் வடிந்து புதுக் கால் அளவெடுக்க இரண்டு மாதம் சென்றது. அதுவரை ஊன்றுகோல் பிடித்த கைகளில் பிள்ளையை ஏந்தமுடியாது. கடையில் கிடந்த சில்லு வைத்த கதிரையை வாகீசன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். மகளை மடியில் வைத்துக்கொண்டு, இடது காலால் சீமெந்து நிலத்தை உந்தி உந்தி, அவள் குசினிக்கும் அறைக்கும் போய்வந்தாள். திரும்புகிற இடங்களில் கொஞ்சம் வேகமாகவே போவாள். பிள்ளைக்கு அது பிடித்திருந்தது.