சாடையாய்த் தெரிய வேண்டும்

கார்ப் பந்தய விளையாட்டை முதன்முதலில் திறக்கும்போது ஒரு கறுப்புத் திரை வரும். அதில் மூன்று சின்னங்கள். ஒன்று பளிச்சென்று தெரிய வேண்டும். ஒன்று தெரியவே கூடாது. நடுவில் உள்ளது தெரிந்தும் தெரியாமலும் நிற்க வேண்டும். அப்படி வரும்வரை வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். என் மச்சான் அதை வாசித்துவிட்டு, "சாடையாத் தெரியவேணுமாம்" என்றான். அதைவிடச் சரியாக யாரும் மொழிபெயர்த்திருக்க முடியாது.

மச்சான் என்றால் தங்கையின் கணவன். என் வயதுதான். பிறம்ரனில் ஒரு கொம்பனிக்குப் பெரிய சரக்கு ரக் ஓடினான். திங்கட்கிழமைகளில் மொன்றியலுக்குச் சாமான் ஏற்றிப் போவான். அந்த லைசென்ஸுக்குச் சில வருடங்களுக்கு ஒரு தடவை மருத்துவச் சோதனை உண்டு. அதில் கண்ணும் அடக்கம். அவனுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது கண்ணுக்குள் இறங்கியிருந்தது தெரியாது. தெரியவந்தது கொரோனாப் பெருமுடக்கம் முடிந்து இரண்டாவது குளிர்காலத்தில். அவனுடைய கண்ணையும் அந்தக் கண்ணை நம்பியிருந்த லைசென்ஸையும் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்னிங்சைட்டில் உள்ள அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. முடிந்ததும் இருவரும் பேஸ்மென்றுக்கு இறங்குவோம். அவன் ஓட்டுவான், நான் படம் எடுப்பேன். விளையாட்டுக்குள் படம் எடுப்பதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் காரை ஒரு பொத்தானால் அப்படியே உறைய வைக்கலாம். சில்லில் இருந்து தெறித்த சேற்றுத் துளிகள் காற்றில் நிற்கும். நாம் கமெராவோடு காரைச் சுற்றி நடக்கலாம், தரையோடு குனியலாம், பின்னணியை மங்கலாக்கலாம், வெயிலைக்கூடச் சாய்க்கலாம். நல்ல படம் ஒன்றுக்கு அரைமணி நேரம் எனக்குப் போதாது. மச்சான் பொறுமையாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பான். எடுத்தவற்றைத் திகதி போட்டு அடுக்கி வைப்பேன்; பேருந்துச் சீட்டுக்கும் திகதி எழுதி வைக்கிற ஆள் நான்.

அவனுடைய காருக்கு அவனே நிறம் கலந்திருந்தான். நல்ல கத்தரிப்பூ நிறம். ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிறு அதை மழையில் நிறுத்தி எடுத்துக் காட்டினேன்.

"மச்சான், என்ர கத்தரிப்பூ எங்கை? உது சாணி நிறமாக் கிடக்கு."

"எனக்குக் கத்தரிப்பூவாத்தான் தெரியுது."

"உனக்கு எல்லாம் வடிவாத்தான் தெரியும். ரிவிக்கு வயசு போட்டுது, அதைப் பார்."

பார்த்தேன். எனக்கு அது விருப்பமான வேலையும்கூட. அலுவலகத்தில் கூட வேலை செய்பவரிடம் ஒரு கருவியை இரவல் வாங்கி வந்தேன். கைக்குள் அடங்கும் வட்டமான சாமான். திரையில் தொங்கவிட்டால், அங்கே ஒவ்வொன்றாக வரும் நிறங்களை அளந்து, எது கூட, எது குறைய என்று கணினிக்குச் சொல்லும். நீலம் சற்றுக் கூடியிருந்தது. அதைக் குறைத்துச் சரிசெய்தேன். காரின் கதவில் வானத்தின் நிழல் விழுந்த இடம்கூடத் துல்லியமாக வந்தது.

"இப்ப இன்னும் மோசம்" என்றான் அவன்.

"மெசின் சரியெண்டு சொல்லுதடாப்பா."

"மெசினுக்கென்ன, பொஞ்சாதி பிள்ளையே? அது எதையும் சொல்லும்."

தேத்தண்ணியோடு இறங்கி வந்த தங்கை, "அண்ணா, அவரோடை நிறத்தைப் பற்றிக் கதையாதைங்கோ. கலியாணவீட்டுக்கு வெளிக்கிடேக்கை என்ர நீலச் சீலையைப் பச்சை எண்டு நிண்டவர்" என்றாள்.

"வெள்ளெழுத்து" என்றான் மச்சான். "நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வாறதுதானே."

"வெள்ளெழுத்து வந்தா எழுத்துத்தானப்பா தெரியாது. சீலையுமா தெரியாமப் போகும்?"

நான் இடையில் புகுந்து, பழந்தமிழில் கருமையும் நீலமும் பச்சையும் ஒன்றின் இடத்தில் மற்றது நிற்கும் என்று எங்கோ வாசித்ததை விளக்கினேன். "பார், பழைய ஆக்களும் என்ர கட்சிதான்" என்று அவன் தொடையில் தட்டினான். தங்கை எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், விளையாடத் தொடங்குமுன், அந்தக் கறுப்புத் திரையைப் போடச் சொல்வான். நான் வெளிச்சத்தைக் கூட்டுவேன். அவன் தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பி, ஓரக் கண்ணால் பார்த்து, "சாடையாத் தெரியுது, காணும்" என்பான். என்னைப்போல அவனும் நுணுக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் படம் வெளிறிப்போய், இரவுக் காட்சிகள் சாம்பல் பூத்ததுபோல் வந்தன. அவன் மேலே போனதும் நான் பழையபடி குறைத்து வைப்பேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. கறுப்புத் திரையைப் போட்டு, வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தேன். கீழேயிருந்து கூட்டிக்கொண்டு வருவது என் வழக்கம். நடுச் சின்னம் எனக்கே தெரியவில்லை. நான் கேளாமலே அவன் சொன்னான்:

"சாடையாத் தெரியுது."

நான் பொத்தானைத் தொட்டிருக்கவில்லை. கூட்டினேன். "இப்ப?"

"சாடையா."

இன்னும் கூட்டினேன். மறைந்திருக்க வேண்டிய சின்னமே வெள்ளையாய் வெளியே வந்து நின்றது. "இப்ப?"

"சாடையாத்தான்."

"எத்தினை தெரியுது?"

"மூண்டு எண்டு தெரியும்தானே."

"தெரியுமோ எண்டு கேக்கேல்லை. தெரியுதோ எண்டு கேட்டனான்."

அவன் கையில் இருந்த கொன்ரோலரை மடியில் வைத்தான். திரையைப் பார்த்தபடியே பேசினான்.

"நடுவிலை புகை மாதிரி. இடக் கண்ணிலை பூச்சி பறக்குது. மார்கழியிலை இருந்து வலதும் தொடங்கீட்டுது."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"படத்துக்காகவே உந்தச் சனியனை ஒவ்வொரு கிழமையும் போடச் சொன்னனான்? போன கிழமையை விடக் குறைஞ்சிட்டுதோ எண்டு பாக்கத்தான். வேறை எங்கை போய்ப் பாக்கிறது? டொக்டரிட்டைப் போனா லைசென்ஸ்காரருக்கு எழுதிப் போடுவினம். பங்குனியிலை மெடிக்கல். எழுத்துப் பலகையின்ர கடைசி ரெண்டு வரியையும் ஆரிட்டையும் கேட்டுப் பாடமாக்கினா..."

"நாளைக்கு?"

"நாளைக்கு மொன்றியல்."

"பனி கொட்டுது."

"பனி எல்லாருக்கும் ஒண்டுதான். எனக்கெண்டு புறம்பாக் கொட்டாது."

படியில் தங்கை நின்றாள். உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்திருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை.

"நாளைக்கு ரக் எடுத்தியளெண்டா நான் கொம்பனிக்கு அடிப்பன்."

"அடி. அடிச்சிட்டு வீட்டு மோட்கேஜையும் நீயே கட்டு."

"நான் போன் அடிக்கிறது உங்களுக்குப் பெரிசாக் கிடக்கு. ரோட்டிலை நீங்கள் ஆரையும் அடிச்சா?"

திரையில் மூன்று சின்னங்களும் வெள்ளையாய் எரிந்துகொண்டிருந்தன. தங்கை கூடையைக் கீழே வைத்துவிட்டு, கொளுவியில் தொங்கிய அவனுடைய தடித்த ஜக்கெற்றின் பையில் இருந்து ரக் சாவியை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. அவள் எடுத்ததை அவன் கண்டானா என்பதே எனக்கு நிச்சயமில்லை. பிறகு அவன் தொலைபேசியை என்னிடம் நீட்டி, "கொம்பனி டிஸ்பாச்சின்ர நம்பரை எடுத்துத் தா. காய்ச்சல் எண்டு சொல்லுறன்" என்றான்.

அந்தக் கிழமையே கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இளம் பெண், தமிழ் தெரியாதவர். எழுத்துப் பலகையில் அவன் மேலிருந்து மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். பிறகு கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுத்து, எங்களுக்கு முன்னால் பெரிய திரையில் போட்டார். செம்மஞ்சள் வட்டம். அதன் மேல் கிளை விரித்த குழாய்கள், கருஞ்சிவப்புப் பொட்டுகள், ரொட்டித் துகள் சிந்தியதுபோல் மஞ்சள் துணுக்குகள். அவர் பேனாவின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கசிந்த இரத்தம், கசிந்த கொழுப்பு, இவை பல வருடங்களாக நடந்தவை.

மச்சான் என் பக்கம் சாய்ந்து, "அந்தத் திரையிலை நிறம் சரியோ?" என்று கேட்டான்.

"சரி" என்றேன்.

லைசென்ஸைப் பற்றி அவர் சுற்றிவளைக்கவில்லை. இப்படியொரு கண்ணைக் கண்டால் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்க வேண்டியது சட்டப்படி தன் கடமை என்றார், மன்னிக்கச் சொன்னார். மச்சான் ஆங்கிலத்தில் நன்றி சொன்னான். வாசலில் கோட்டைப் போட அதன் கை அவனுக்கு அகப்படவில்லை, நான் பிடித்துவிட்டேன்.

பிறகு கண்ணுக்குள் ஊசிகள் போட்டார்கள். லேசரும் செய்தார்கள். வலது அப்படியே நிற்கிறது. இடது நிற்கவில்லை. லைசென்ஸ் பங்குனிக்கு முன்பே நிறுத்தப்பட்டது. தங்கை இன்னொரு வேலையும் எடுத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து போனேன், ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் மேலேயே இருந்தோம். பேஸ்மென்றுக்குப் போவோமா என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாசி முடிவில், ரக்குக்குள் கிடந்த அவனுடைய சாமான்களை எடுத்துவர நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கம்பளி, சோற்றுக் குக்கர், பிள்ளையார் படம், குளிருக்குப் போடும் சப்பாத்து. பிறம்ரன் போகும்வரை அவன் கலகலப்பாகத்தான் இருந்தான். நான் பாதை மாறும்போதெல்லாம் "சிக்னல் போடு, சிக்னல் போடு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். என் ஓட்டத்தை மாட்டு வண்டி என்றான்.

கொம்பனி யார்டில் ரக்குகள் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளை. வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் எனக்கு முன்னால் நடந்தான். பழகின இடத்தில் நடக்கும் நடை. ஒரு ரக்கின் படியில் ஏறி, கைபிடியைப் பற்றி, தங்கை திருப்பிக் கொடுத்திருந்த சாவியைப் போட்டான். சாவி திரும்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டான். கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

பக்கத்து ரக்கின் பின்னாலிருந்து ஓர் இளம் ஓட்டுநர் கோப்பிக் கப்போடு வந்தார். தமிழ்ப் பெடியன்தான்.

"அண்ணை, உது என்ர. உங்கட அங்காலை, ரெண்டு தள்ளி நிக்குது."

"ஓ, உன்ரையோ!" மச்சான் சிரித்தான். "வெளிச்சம் காணாது தம்பி, அதுதான் மாறிப் போச்சு."

பெடியன் என்னைப் பார்த்தார். உச்சி வெயில். முகில் ஒரு துண்டுகூட இல்லை. யார்டு முழுவதும் பனி கிடந்து பளீரென்று எறித்ததில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அண்ணை" என்றார் அவர். கோப்பியைப் பனியில் வைத்துவிட்டு வந்து, மச்சான் காலால் தரையைத் தேடி இறங்கும்வரை அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.