தெருவில் கிடந்த பரிசுப் பெட்டி

வெளியில் கேட்கும் துவக்குச் சத்தமே போதும் என்று, மகளுக்குத் துப்பாக்கிச் சூடு இல்லாத கணினி விளையாட்டாகப் பார்த்து வாங்கினேன். காட்டூன் முயலும் கரடியும் கார்ப் பந்தயம் ஓடும். வழியில் கிடக்கும் பரிசுப் பெட்டிகளை எடுத்தால் வேகம் கூடும். அவள் அதிலேயே கிடந்தாள். நானும் நிம்மதியாகச் சமைத்தேன்.

ஒருநாள் திருகோணமலையில் நிலாவெளி பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். தெருவோரம் கயிறு கட்டிய பெட்டி ஒன்று தனியே கிடந்தது. அப்படி ஆளில்லாத பொதி கிடந்தால், குண்டாக இருக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் கிட்டப் போகமாட்டார்கள்.

"அம்மா, பெட்டி!" என்று மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

"தொடாதை பிள்ளை!"

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சனம் விலகி ஓடியது. கடைசியில் எதிர்க்கடைக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

"அது பேக்கரியில இருந்து வந்த என்ட பணிஸ் பெட்டி. பஸ்காரர் இறக்கி வச்சிட்டுப் போயிட்டினம்."

இப்போது அவள் விளையாடும்போது நானும் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறேன்.

"விளையாட்டில எடுக்கலாம் மகள். தெருவிலதான் தொடக்கூடாது."

"ஓம் அம்மா" என்கிறாள். ஆனாலும் முயலின் காரை ஒவ்வொரு பெட்டியையும் விலத்தியே ஓட்டுகிறாள். எல்லாப் பந்தயத்திலும் கடைசியாகத்தான் வருகிறாள். நான் வற்புறுத்துவதில்லை.