யார் போட்ட பதிவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கணினி பழுது பார்க்கிறவளுக்கு அது ஆகாது என்று முதலாளி பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு கீபோர்டை உடைத்திருக்கிறேன். பெண் என்ன பார்த்துவிடப் போகிறாள் என்று கேட்ட ஒரு வாடிக்கையாளரைத் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளியிருக்கிறேன். அதற்காக வருத்தப்பட்டதுமில்லை.

அவள் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. எங்கள் தேவாலயத்தின் ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாடற்குழுவில் நிற்கும் பெண். கிழக்கே தெம்பனிஸ் வட்டாரத்தில் வீடு. ஊரில் மென்பொருள் வேலை பார்த்தவள். கணவனின் வேலையை ஒட்டிய அனுமதியில் இங்கே வந்து மூன்று வருடங்களாக வீட்டில் இருந்தாள். எங்கள் கடை தேக்கா சந்தையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில். காய்கறி வண்டியைப் படியில் இழுத்துக்கொண்டு ஏறி வந்து, முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து வெளியே வைத்தாள். அடியில் மடிக்கணினி இருந்தது. கைப்பேசியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். கணவனைப் பொறுத்தவரை அவள் மீன் வாங்கப் போயிருக்கிறாள். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றாள்.

வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முடியைப் பிடித்து இழுத்துப்போய்க் குளியலறையில் பூட்டினான். இரண்டாவது முறை தலையைச் சுவரில் மோதினான். போன வாரம் அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே மடிக்கணினியின் மூடியை விரல்கள்மேல் அறைந்து மூடினான். மூடிவிட்டு அதன்மேல் கையை ஊன்றி நின்றானாம். எலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டது என்றாள். மருத்துவமனையில் கதவில் நசுங்கியது என்று அவளையே சொல்ல வைத்தான்.

"பாஸ்வேர்ட நாலு தடவ மாத்திட்டேன்க்கா. அப்பவும் தெரிஞ்சிடுது. எப்படின்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. கோர்ட்ல பாதுகாப்பு ஆணை கேக்கப் போறேன். அவர் ஒரு வார்த்தையில பொய்னு சொல்லிடுவார். எங்கிட்ட காட்ட ஒண்ணும் இல்ல."

அதுதான் விஷயம். அவளுக்கு ஒரு சாட்சி வேண்டும். வாய் பேசாத சாட்சியாக இருந்தாலும் சரி.

இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். ஒவ்வொரு விண்டோஸ் கணினிக்குள்ளும் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு பதிவேடு உண்டு. எதெது நிறுவப்பட்டிருக்கிறது, கணினி விழித்ததும் எதெது தானாக ஓடவேண்டும், எல்லாம் அதில் எழுதியிருக்கும். தானாக ஓடுகிறவற்றின் பட்டியலில், பிரிண்டர் சமாசாரம்போல் சாதுவான பெயரோடு ஒரு பதிவு உட்கார்ந்திருந்தது. அவள் வீட்டில் பிரிண்டரே கிடையாது. அது காட்டிய வழியில் போனால் மறைத்து வைத்த ஒரு கோப்புறை. உள்ளே அவள் மூன்று வருடங்களில் தட்டிய எழுத்துகளில் பாதி நாள்வாரியாகக் கிடந்தன. விண்ணப்பங்கள், அக்காவுக்கு எழுதிய கடிதங்கள், 'கணவன் அடித்தால் எங்கே போவது' என்று தேடியதுகூட. தினமும் இரண்டு வேளை அவை ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. முகவரி அவனுடையது என்றாள்.

எனக்குக் கண் இருண்டது. அவனை இந்த மேசைக்கு இழுத்து வந்து அவன் விரல்களை வைத்து மூடியை அறைய வேண்டும்போல் இருந்தது. ஒவ்வொரு விரலாக. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் குத்தினேன், அது மரத்தில் நின்றது. அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்த்தும் பயந்திருக்கிறாள். வெட்கமாகப் போயிற்று.

அந்தப் பதிவை அழிக்கக் கை பரபரத்தது. அழிக்கக் கூடாது, அதுதான் ஆதாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அவனே போட்டான் என்று நிரூபித்தால் போதும். பதிவு எழுதப்பட்ட நேரம் கிடைத்தது: ஒன்றரை வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். அதே நேரத்தில் ஒரு தம்ப்டிரைவ் செருகப்பட்டிருந்தது. செருகப்பட்ட ஒவ்வொன்றின் பெயரையும் பதிவேடு குறித்து வைத்துக்கொள்ளும்.

துரியான் இரண்டு.

என் தம்ப்டிரைவ்களுக்குப் பழங்களின் பெயர் வைப்பது நான்தான். ரம்புத்தான், மங்குஸ்தான், துரியான் ஒன்று, துரியான் இரண்டு. இந்த ஊரில் வேறு எவளும் அப்படி வைத்திருக்க மாட்டாள்.

பூசை முடிந்ததும் கோயில் கேண்டீனில் ஒரு மேசையில் உட்கார்ந்து, பங்கு மக்களின் கணினிகளை இலவசமாகப் பார்த்துக் கொடுப்பேன். வரிசையில் நிற்பார்கள். அன்று அவன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாய்க்கு வாய் சிஸ்டர் என்று மரியாதை. அண்ணன் மகள் வந்து தங்கிப் படிக்கப் போகிறாள், காலம் கெட்டுக் கிடக்கிறது, கண்காணிக்க ஏதாவது வேண்டும், அவளுக்குத் தெரியவும் கூடாது என்றான். யாருடைய மடிக்கணினி என்று நான் கேட்கவில்லை. கணவன் கொண்டுவந்தால் அது வீட்டுப் பொருள். எங்களில் யாரும் கேட்கமாட்டோம். அவள் அப்போது மேலே பாட்டு ஒத்திகையில் இருந்திருப்பாள். பிரிண்டர் பெயரை வைத்தது என் சாமர்த்தியம்; அந்த வரிசையில் பார்த்த எத்தனையோ கணினிகளுக்கிடையே அதையே மறந்துபோயிருந்தேன். எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவனிடம் பெருமை வேறு அடித்தேன். அவன் எனக்கு ஒரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கித் தந்தான். ருசித்துத் தின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் அதை அழித்துவிடத்தான் நினைத்தேன். ஒரு பொத்தான். அவன் கண்ணும் போகும், என் பெயரும் போகும். வைரஸ்மா, எடுத்துட்டேன் என்றால் கும்பிட்டுவிட்டுப் போவாள். ஆனால் நீதிமன்றத்தில் காட்ட அவளிடம் மறுபடியும் ஒன்றும் இருக்காது. அடுத்த முறை மூடி எதன்மேல் விழும் என்று தெரியாது.

"இத உன் வீட்டுக்காரர் போடல. போடச் சொன்னாரு. போட்டது நான்."

கேண்டீன், அண்ணன் மகள், எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு அண்ணனே கிடையாது என்றாள். பிறகு என்னை அறைந்தாள். கட்டுப்போட்ட அதே கையால், முழு பலத்தோடு. என் உதடு கிழிந்து பல்லில் ரத்தம் உப்புக் கரித்தது. கையைத் தொடைக்கிடையில் இடுக்கிக்கொண்டு அவள் குனிந்து முனகினாள். நான் தொடப் போனேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினாள். என் வாழ்நாளில் திருப்பி அடிக்காமல் நின்றது அன்று ஒருநாள்தான். இன்னும் நாலு அடித்திருக்கலாம் அவள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம்தான் பாக்கி. மீன் இன்னும் வாங்கவில்லை.

"நீங்க போட்டீங்கன்னா, அவர் என்ன சொல்லிப் போடச் சொன்னாருன்னு உங்களுக்குத்தான தெரியும்?"

தெரியும் என்றேன்.

"இப்பவே போலீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"

வேலை போகலாம். பங்கில் யாரும் இனி என் மேசைக்கு வரமாட்டார்கள். வழக்கு என்மேலும் பாயலாம். அதையெல்லாம் நினைக்கத்தான் செய்தேன், நான் ஒன்றும் புனிதவதி அல்ல. சொல்கிறேன் என்றேன்.

மடிக்கணினியை ஒற்றைக் கையால் மார்போடு அணைத்துக்கொண்டாள். காய்கறி வண்டியை அங்கேயே விட்டுவிட்டாள்.

"வாயத் தொடைக்காதீங்க. அவங்க கேட்டா, நான்தான் அடிச்சேன்னு சொல்லுங்க. நான் பொய் சொல்றவ இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும்."