கரும்புக்கொல்லையில் பிடித்த இறுக்கம்

எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கரும்புக்கொல்லைதான் கக்கூஸ். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டை மறிக்க மரங்களை வெட்டிப் போட்ட பிறகு, போலீஸுக்குப் பயந்த ஆண்களெல்லாம் அந்தக் கொல்லைக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். என் புருஷனும்தான். பெண்கள் எங்கே போவார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அடக்கிக்கொண்டோம். தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டோம்.

நான் கல்யாணமாகி வந்த புதுசு அது. ஆண்கள் வீடு திரும்பிய பிறகும் அடக்கும் பழக்கம் என்னை விடவில்லை. நாளாவட்டத்தில் அடிவயிற்றில் வலி வந்தது. உட்கார்ந்தால் வலி, புருஷன் பக்கத்தில் வந்தால் வலி.

"இன்னாடி, எப்பப் பாரு வலி வலின்னு சொல்லிக்கினு கெடக்குற?" என்பார் மாமியார்.

இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். எடுத்தார்கள். வலி அப்படியே இருந்தது.

தலை நரைத்த பிறகுதான் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண் என்னைச் சோதித்தாள்.

"இது கர்ப்பப்பையால வந்த வலி இல்லம்மா. இடுப்புக்கு அடியில தாங்கிப் பிடிக்கிற தசைங்க இறுகிப்போய்க் கெடக்குது. மூச்சை இழுத்து வுட்டு, மெதுவாத் தளர்த்திப் பழகுங்க."

பழகுகிறேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அன்று போலீஸிடம் அடிபட்ட ஆண்களை இன்றும் மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். போர்த்தட்டும். எனக்கு இப்போது வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது. தாழ்ப்பாளும் இருக்கிறது. ஆனாலும் வெளியே ஓர் ஆண் செருமினால் போதும், உள்ளே உட்கார்ந்திருக்கும் என் உடம்பு பழையபடி இறுக்கிக்கொள்கிறது.