விட்டுப் படித்த வரிகள்

அந்த டேப் ரெக்கார்டரில் ஐந்து பட்டன்கள் இருந்தன. பதிவை இடையில் நிறுத்திவைக்க ஓரத்தில் இருந்த பாஸ் பட்டனை அழுத்தினால் ஒரு 'டக்', விட்டால் ஒரு 'டக்'. அண்ணனின் கூட்டாளி ஒருவர் கல்ஃபிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. வீட்டில் எல்லோரும் பாட்டுக் கேட்ட அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நான் வருடக்கணக்காகக் கதை படித்துப் பதிவு செய்தேன் என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவது கஷ்டம். இன்றும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் தம்பானூரில் ஒரு பார்சல் லாரி கம்பெனியின் ஆபீஸில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். கூட்டுவது, டீ வாங்கி வருவது, பைல்களை மாடிக்கும் கீழுக்கும் கொண்டுபோவது என் வேலை. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அண்ணன் குடும்பத்தோடு இங்கே வந்தவள். மலையாளம் புரியும், பேசக் கூச்சம். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆபீஸில் எனக்கு 'மிண்டாப்பூச்ச' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேசாத பூனை என்று அர்த்தம். கூப்பிட்டால் அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் டெலிபோன் போர்டு. அதைப் பார்த்துக்கொண்டவரை நான் ஆபரேட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிறவியிலேயே கண் தெரியாது. நாகர்கோவில்காரக் குடும்பம், தாயும் தகப்பனும் போன பிறகு கரமனையில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தனியாக இருந்தார். தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்திவைத்த நம்பர் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கும். அதை அவர் தொட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லா நம்பரும் மனதிலேயே இருந்தன.

ஒருநாள் அவருக்கு வடை வாங்கி வந்தேன். பொதிந்திருந்தது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் தாள். தாளின் சத்தம் கேட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஏதோ தொடர்கதை என்றேன். படிக்கச் சொன்னார். எண்ணெய் ஊறிய அந்தப் பக்கத்தை மெதுவாகப் படித்தேன். ஒரு பெண் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அக்கா வடையைத் தொடவே இல்லை. "பிறகு அவ எப்படிப் போனா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பார்வையற்றோர் பள்ளியில் அவர் படித்தது மலையாளம். மலையாளத்தில் புள்ளி எழுத்துப் புத்தகம் கிடைக்கும். நூலகத்திலிருந்து படித்துப் பதிந்த கேசட்டும் வரும். தமிழ் அவருக்கு வீட்டுப் பேச்சு மட்டும்தான். அம்மா இருந்தவரை வாராவாரம் தொடர்கதைகளைப் படித்துக் காட்டியிருக்கிறார். அம்மாவோடு அது நின்றுபோனது. அடுத்த வாரம் அக்கா இரண்டு புதுக் கேசட் வாங்கி என் கையில் வைத்தார். சாலை என்கிற கடைத்தெருவில் தமிழ் நாவல்கள் வாடகைக்குக் கிடைக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், வீட்டில் சமையல் முடிந்த பிறகு உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

எதிரில் ஆள் இல்லை என்றால் எனக்குப் பேச வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. முதலில் வரிக்கு வரி திக்கினேன். பத்துப் பக்கம் தாண்டியதும் குரல் தானாக ஏறி இறங்கியது. கேசட்டைக் கேட்டுவிட்டு வந்து அக்கா ஒவ்வொரு பாத்திரத்தைப் பற்றியும் சண்டை போடுவார். அந்த மாமியார்க்காரியை நான் ரொம்ப நல்லவளாகப் படித்துவிட்டேனாம். என்னோடு ஒருவர் இவ்வளவு நேரம் பேசுவது எனக்குப் புதிது.

நாலாவது நாவலோ ஐந்தாவதோ. கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

"கதாநாயகன் அவ பக்கத்துல வரும்போதெல்லாம் உன் மெஷின் 'டக்'குனு சொல்லுதே, பிள்ளே. அவன் என்ன சுவிட்ச் போட்ட ஆளா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் மதினியும் இருக்கிறார்கள், அந்த வரிகளை எப்படிச் சத்தமாகப் படிப்பது என்றேன். அதற்கும் சிரித்தார். பிறகு, அவன் வராத இடத்திலும் ஒரு 'டக்' கேட்டதே, அது என்ன என்றார். பொய் சொல்லியிருக்கலாம். கதையில் ஒருத்தி, கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பார்வையில்லாத பெண்ணைப் பார்த்து, இப்படி ஒரு பிறவிக்குப் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்கிறாள். அந்தப் பத்தியை விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"எனக்கு எல்லாரும் இப்படித்தான் படிச்சாங்க, நல்லதா பொறுக்கி எடுத்து" என்றார். "இருபத்தெட்டு வயசுல எனக்கொரு கல்யாண ஆலோசனை வந்தது. பையன் வீட்டுக் கடிதத்த அண்ணன்தான் படிச்சான். மூணு தாள் திருப்பின சத்தம் கேட்டுது. படிச்சது ஒரு தாளுக்குள்ள சமாச்சாரம். மிச்சம் என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது."

போர்டு சிணுங்கியது. அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு வாரம் கேசட் தரவில்லை. டீயை வைத்தால் "ஆ, வச்சிடு" என்பதோடு சரி. ஆபீஸில் எனக்கு இருந்தது அந்த ஒரு அறைதான். மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்றுகூடத் தெரியாமல் மாடிக்குப் போய் நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு, வீட்டிலிருந்து பையில் மறைத்துக் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரோடு பழைய பைல்கள் வைக்கும் அறைக்குள் போனேன். மறுபடி வாடகைக்கு எடுத்து வந்த அந்த நாவல்களில் நான் விட்ட இடங்களை எல்லாம் தேடிப் பிடித்து வரிசையாகப் படித்தேன். முத்தம் வரும் இடங்களில் காது சுட்டது. கோயில் வாசல் பத்தியில் அழுகை வந்தது. நிறுத்தாமல் அழுதுகொண்டே படித்தேன். திங்கட்கிழமை கேசட்டை அக்காவின் மேசையில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புதுக் கேசட் ஒன்றைக் கொடுத்தார். பழையபடி பேசினார், சிரித்தார். ஆனால் ஒன்று மாறிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கேசட்டை வாங்கும்போதும் "முழுசா?" என்று கேட்பார். "முழுசுதான் அக்கா" என்பேன். கோபமாகக் கேட்டதில்லை. டீயில் சர்க்கரை போட்டாயா என்று கேட்பதுபோலத்தான். ஆனாலும் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்காமல் விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நகரத்தில் கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு தொடங்கியது. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். திரையில் இருப்பதை அது வாய்விட்டுப் படிக்கும். அப்போது அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். "மூக்கடைச்ச வெள்ளைக்காரனாட்டம் பேசுவான்" என்று அக்கா அவனைப் போலவே பேசிக் காட்டினார். "கமா, ஃபுல் ஸ்டாப்பு வரைக்கும் விடமாட்டான் கேட்டியா. அவன்கிட்ட எதுவும் கேக்கவே வேண்டாம்."

அவர் சந்தோஷத்தில் சொன்னார். நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு மெஷினின் மேல் எனக்குப் பொறாமை வந்ததை யாரிடம் சொல்ல முடியும்? கேசட்டுகள் குறைந்தன. மாதத்துக்கு ஒன்றானது, பிறகு அதுவும் இல்லை.

அதற்கு அடுத்த வருடம் கம்பெனி நகரத்துக்கு வெளியே கழக்கூட்டம் என்ற ஊரில் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போவதாக முடிவானது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று தானே சொல்லும் டெலிபோன் அங்கே வந்துவிட்டது. ஆபரேட்டர் வேலை இனி இல்லை. அக்கா நாகர்கோவிலில் இருந்த தன் அண்ணனுக்கு ஹாஸ்டல் வார்டனைக் கொண்டு எழுதிப் போட்டிருந்தார், அங்கேயே வந்துவிடுகிறேன் என்று.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். பதில் வந்திருந்தது. "கைல எழுதினத வெள்ளைக்காரனுக்குப் படிக்கத் தெரியாது. நீ படி" என்றார். மாடியில் கேஷியருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். என்னைத்தான் கூப்பிட்டார்.

சத்தமாகப் படிக்கும்போது வாய் ஒரு வரியில் இருந்தால் கண் அதற்கடுத்த வரியில் இருக்கும். சுக விசாரிப்பைப் படித்துக்கொண்டிருந்தபோதே கீழே இருந்ததைக் கண் பார்த்துவிட்டது. இந்தத் தடவை அழுத்துவதற்குப் பட்டன் இல்லை. படித்தேன். "மூத்தவளுக்கு வரன் பார்க்கிறோம். வருகிறவர்கள் உன்னை இங்கே பார்த்தால் இது குடும்பத்தில் உள்ள நோயா என்று கேட்பார்கள். உன்னால் அவள் வாழ்க்கை நின்றுபோகக் கூடாது. ஆகையால் நீ இங்கே வரவேண்டாம்." குரலை இறக்காமல், மற்ற வரிகளைப் படித்த அதே வேகத்தில் கையெழுத்து வரை படித்தேன்.

"அவ்வளவுதான் அக்கா."

கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, விரலால் ஓரம் பிடித்து மடித்தார். முழுசா என்று அவர் கேட்கவில்லை.

"எழுத்து அண்ணனோடதா, மதினியோடதா?"

"அண்ணனோடதுதான்."

"எங்கயாவது அடிச்சுத் திருத்தியிருக்கானா?"

வாங்கி மறுபடி பார்த்தேன். "இல்லக்கா. ஒரே ஓட்டமா எழுதியிருக்காங்க."

"சரி" என்றார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இரு, போகாதே" என்றார். பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஆபீஸ் விடும்வரை அவர் வந்த போன்களை இணைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா கொல்லத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பதாக இரண்டு மூன்று தடவை போன் செய்து சொன்னார். பிறகு அந்த நம்பர் மாறிவிட்டது. இப்போது செல்போனே தமிழ் படிக்கிறது; அவரிடமும் ஒன்று இருக்கும், எந்த நாவலையும் கமா விடாமல் படித்துக்கொண்டிருக்கும். நல்லதுதான். அந்த மத்தியானத்துக்குப் பிறகு என்னிடம் யாரும் எதையும் படிக்கச் சொன்னதில்லை.