ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஞானகுமாரியைத் தெரியாத ஆள் இருந்தால், அவர் நேற்றுத்தான் அங்கே குடிவந்திருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், தோளில் துணிப்பையை மாட்டிக்கொண்டு செருப்பு தேயத் தெருத் தெருவாகக் கிளம்பிவிடுவாள். கதவு தட்டுவது, மணியடிப்பது எல்லாம் கிடையாது. வாசலில் நின்று "யக்கா, பிடி அரிசீ!" என்று ஒரு குரல். மாடியில் தூங்குகிற ஆளும் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

பிடி அரிசி என்பது அங்குள்ள மாதா கோயில் வீடுகளின் வழக்கம். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். சோற்றுக்கு இல்லாத வீட்டுக்குப் போகிற பங்கு அது. பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு வைத்திருப்பார்கள். ஞானகுமாரியின் அன்பியத்தில் அந்த டப்பாக்களை வாரம் தவறாமல் காலி செய்வது அவள் வேலை. ஞாயிறு பூசையில் பையைப் பீடத்தடியில் கொண்டுபோய் வைப்பாள். அதன்பிறகு ராயப்பன் கைக்குப் போகும். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விசாரித்து அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுக்கிற கோயில் சபைக்குத் தலைவர். யாருக்குக் கொடுத்தார் என்று தலைகீழாக நின்று கேட்டாலும் அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வராது.

கிறிஸ்தவர் வீடுதான் போட வேண்டும் என்றும் இல்லை. ஞானகுமாரியின் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அவளும் டப்பா வைத்திருந்தாள். "உங்க மாதாவும் பொம்பள, எங்க அம்மனும் பொம்பள. புள்ளைங்க பசி ரெண்டு பேருக்கும் தெரியாதா இன்னா?" என்று கேட்டு அந்த விவகாரத்தை முடித்துவிட்டாள். கடைசித் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஹெலினா இன்னும் ஒருபடி மேலே. அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கித்தான் தருவாள். "குடுக்குறத சுத்தமா குடுக்கணும்க்கா. நாளைக்கி ஒருத்தர் பல்லு ஒடைஞ்சா அந்தப் பாவம் யாருக்கு?" என்பாள்.

இப்படி ஊர் அரிசியைச் சுமந்து பெயர் வாங்கிய ஞானகுமாரியின் வீட்டில் அரிசி தீர்ந்துபோனது.

அவள் கணவன் ஜோஸ், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். முதலாளி பட்டறையைத் தூக்கிக்கொண்டு வேறெங்கோ போனார். மிஷின்களை ஏற்றிக்கொண்டு போனவர் ஆட்களை ஏற்றிக்கொள்ளவில்லை. ஜோஸ் கிடைத்த கூலிக்கெல்லாம் போனான். வாரத்தில் இரண்டு நாள் கிடைக்கும், சில வாரம் அதுவும் கிடையாது. ரேஷன் அரிசி இருக்கிறதே என்று கேட்கலாம். கார்டு செய்யாறில் மாமியார் வீட்டு விலாசத்தில் இருந்தது. பெயரைப் பிரித்துப் புதுக் கார்டு கேட்டு எழுதிப்போட்டது எந்த அலுவலகத்து மேசையில் தூங்குகிறதோ தெரியவில்லை. மகள் விஜி நாலாவது படிக்கிறாள். காலையும் மத்தியானமும் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு உண்டு. அதனால் மற்ற நாட்கள் எப்படியோ ஓடிவிடும். சனியும் ஞாயிறும்தான் நகராது.

அந்த நேரம் பார்த்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. ஞானகுமாரிக்கு அதைவிடப் பெரிய உபகாரத்தை யாரும் செய்திருக்க முடியாது. தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு மற்ற வேளையை விடுவதற்குக் கத்தோலிக்க வீடுகளில் ஒருசந்தி என்று பெயர். யார் வீட்டில் எது நீட்டினாலும், வாங்கினால் இளப்பமாகிவிடும் என்று பயந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"ஒரு வா காப்பி குடிச்சிட்டுப் போ ஞானம்."

"வேணாங்க்கா, ஒருசந்தி."

வாங்கிக் குடித்துவிட்டால், ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல அவள் தயாராக இல்லை. அன்பியத்துப் பெண்கள் அவள் பக்தியைப் பார்த்து வாய்பிளந்தார்கள். புதன், வெள்ளிக்கு ஒருசந்தி இருப்பதே தங்களுக்குத் தலைசுற்றுகிறது, இவள் நாள் தவறாமல் இருக்கிறாளே என்று கோயில் சாமியாரிடமே போய்ச் சொன்னார்கள். அவள் கன்னம் ஒட்டியதைக்கூட ஒரு களை என்றார்கள். பசியில் வயிறு இழுத்துப் பிடிக்கும்போது புண்ணியவதி என்று பெயர் வாங்குவது எப்படி இருக்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். விஜியையும் பழக்கிவைத்திருந்தாள். யாராவது தின்னக் கொடுத்தால் ஒருசந்தி என்று சொல்லிவிடு என்று.

இதில் பெரிய கொடுமை, சனிக்கிழமை வசூலான அரிசிப் பை ஞாயிறு காலைவரை அவள் வீட்டு மூலையில்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை பையை அவிழ்த்து ஒரு டம்ளர் அள்ளியும்விட்டாள். திரும்பப் பையில் கொட்டிவிட்டு, தரையில் சிந்தியதையும் பொறுக்கிப் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

ஜோஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஊட்ல மூட்டய வெச்சிகினு பட்டினி கெடக்குற பொம்பள ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்றான்.

"அது ஏழைங்களுது."

"நாம இன்னா, மொகப்பேர்ல பங்களா கட்டிகினா கீறோம்?"

அவள் பையை மூலைக்குத் தள்ளிவைத்தாள். வாங்கும் கையாக மாறிவிட்டால், அடுத்த சனிக்கிழமை எந்த முகத்தோடு வாசலில் நின்று குரல் கொடுப்பது? அவளிடம் மிச்சமிருந்தது அந்த முகம் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. அதற்காக ஒரு குழந்தை வயிறு காயலாமா என்றால், அந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொள்ளாத நாளில்லை.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். யாரோ ஒருவர் தன் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்காகக் கோயில் வாசலில் பன்னும் டீயும் கொடுத்தார். ராயப்பன்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தார். ஊரே வாங்கித் தின்கிற பன்னை வேண்டாம் என்று சொல்ல எந்த அவசியமும் இல்லை. ஆனால் வாரக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், மூளையைக் கேட்காமல் பேசிவிட்டது.

"வேணாண்ணே. ஒருசந்தி."

ராயப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஞாயித்துக்கெழமயில இன்னாம்மா ஒருசந்தி? சாமியாருக்கே தெரியாத சட்டமா கீதே!" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். தவக்காலமானாலும் அன்று ஒருசந்தி கிடையாது. மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பொடிசுகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது. ஞானகுமாரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதையாவது சொல்லிச் சிரித்து மழுப்பிவிடலாம் என்று பார்த்தபோது விஜி முந்திக்கொண்டாள்.

"எங்க ஊட்ல எல்லாருமே ஒருசந்திதான் மாமா. நேத்துலேர்ந்து. அப்பா கூட."

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயில் பக்கம் தலைகாட்டுகிற ஜோஸ் ஒருசந்தி இருக்கிறான் என்றால் எந்த மடையனும் நம்பமாட்டான். சிறுபிள்ளைகளுக்கு ஒருசந்தி கடமையும் இல்லை. மற்றவர்கள் அதற்குள் டீயைத் தேடிப் போயிருந்தார்கள். ராயப்பன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே வற்றியது. விஜியின் கையில் இரண்டு பன்னைத் திணித்துவிட்டு, "துன்னும்மா. மாமா சொல்றேன், துன்னு" என்று சொல்லி, ஞானகுமாரியின் முகத்தைப் பார்க்காமலே அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவர் பார்க்காமல் போனதற்காக அவள் இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறாள்.

அன்று மத்தியானமே அவர் வந்தார். சபையில் இரண்டு பேராகத்தான் வீடு பார்க்கப் போக வேண்டும் என்பது முறை. கூட வந்தவரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு வாசலில் நின்றார். ஞானகுமாரி நிலைப்படியை விட்டு நகரவில்லை.

"வேணாண்ணே. இது ஏழைங்களுது. இல்லாதவங்க ஊட்டுக்குக் கொண்டுபோங்க."

"கரெக்ட்டுதான்" என்றார் ராயப்பன். "இந்தத் தெருவுல யார் ஊட்ல இன்னிக்கு ஒல வெக்கலியோ அந்த ஊட்ட நீயே கை காட்டு. நான் போயி குடுத்துட்டு வரேன். தெரு உனுக்குத்தான் அத்துப்படி."

அவளால் கையைத் தூக்க முடியவில்லை. கண் மட்டும் நிறைந்தது. அப்போது உள்ளேயிருந்து ஜோஸ் வந்தான். கோயில்காரர்கள் தலை தெரிந்தால் கொல்லைப்பக்கமாக நழுவுகிறவன், மனைவியை மெல்ல விலக்கிவிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

"எங்க ஊடுதாண்ணே அது. குடுங்க."

ராயப்பன் பையைக் கொடுத்துவிட்டு அவன் தோளைத் தொட்டார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் தண்ணீர் கொடுப்பார்களே என்று தானே கேட்டு ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொடுத்த வீட்டில் தானும் ஒன்றை வாங்கிவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் வழக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது.

பல வீட்டு அரிசி ஒன்றாக வேகும்போது சோறு எப்படி வரும் என்று சமைத்தவர்களுக்குத் தெரியும். புழுங்கல் வேகுமுன் பச்சரிசி குழைந்துவிட்டது. பொன்னி ஒரு பக்கம் உதிரியாகவும் ரேஷன் அரிசி ஒரு பக்கம் மொத்தையாகவும் நின்றது. விஜி கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள். ஜோஸ் ஊறுகாய் மட்டும் தொட்டுக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிட்டான். ஞானகுமாரி முதல் கவளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எல்லா வாசலிலும் தான் நின்று வாங்கிய அரிசி. அத்தனை பேரும் சேர்ந்து தன் பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே வயிறாரச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு மாதம் தவறாமல் கட்டைப்பை வந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், ஜூன் மாதம் விஜிக்கு நோட்டுப் புத்தகம். ஜவுளிக்கடைப் பையில் வந்ததால் தெருவில் வேறு கதை ஓடியது. "இன்னா ஞானம், மாசாமாசம் பொடவ எடுக்குற, ஒண்ணையும் கட்ட மாட்டேன்ற?" என்று வேம்புலியம்மாள் மூக்கில் விரல் வைத்தாள். ராயப்பன் அலைந்த அலைச்சலில் தூங்கிக்கொண்டிருந்த ரேஷன் கார்டும் கண் விழித்தது. மழைக்காலம் முடியும் சமயத்தில் குத்தம்பாக்கத்துப் பக்கம் ஒரு கிடங்கில் ஜோஸுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஞானகுமாரி ஒரு சனிக்கிழமையும் பிடி அரிசிக்குப் போகாமல் இருக்கவில்லை.

முதல் சம்பளம் வந்த வாரம் அன்பியக் கூட்டத்தைத் தன் வீட்டிலேயே வைக்கச் சொல்லி அழைத்தாள். அந்தச் சின்ன அறையில் பெண்கள் முட்டிமோதி உட்கார்ந்தார்கள். ராயப்பன் கதவருகே நின்றார். செபம் முடிந்து, அவரவர் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்லும் நேரம் வந்தது. உடம்பு சரியில்லாத மாமனார், வரன் தேடும் மகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஞானகுமாரி எழுந்து நின்றாள்.

"போன தவக்காலத்துல நான் ஒருசந்தி இருக்கல. ஊட்ல அரிசி இல்ல. அன்னிலேர்ந்து இந்த மாசம் வரிக்கும் எங்க ஊட்ல வெந்தது நீங்க போட்ட பிடி அரிசிதான். எம்பொண்ண நீங்கதான் வளத்தீங்க. உங்க எல்லாருக்கும், ஆண்டவருக்கும் நன்றி."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் பழக்கதோஷத்தில் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் கேட்டது காதில் ஏறியது. ராயப்பன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாங்க பொத்திப் பொத்தி வெச்சத இப்புடிப் போட்டு ஒடச்சிட்டியேம்மா" என்றார். கோபமாகச் சொல்லத்தான் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. ஞானகுமாரி பயந்தது போல யாரும் அவளை இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, ஒருசந்திக் களை என்று முன்பு சொன்னவள், வெட்கப்பட்டுத் தலை குனிந்தாள்.

கூட்டம் கலைந்தது. ராயப்பன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகும் ஹெலினா போகவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கதவோரமாக வந்து நின்றாள்.

"அண்ணே" என்றாள். "எங்க ஊட்டுப் பக்கமும் ஒருவாட்டி வந்துட்டுப் போறீங்களா?"

ராயப்பன் வாய் திறக்குமுன் ஞானகுமாரி அவள் கையைப் பற்றி உள்ளே இழுத்தாள்.

"அவரு நாளைக்கி வருவாரு. நீ மொதல்ல வந்து குந்து. சோறு கீது."