உஷ் அத்தான்

எங்கள் கட்டடத்தில் அத்தானின் பெயர் யாருக்கும் தெரியாது. "மூணாவது மாடி உஷ்" என்றால் போதும், தபால்காரர்கூடச் சரியாக வந்து மணி அடிப்பார். அக்காவின் கணவர் என்பதால் எனக்கு அத்தான். மற்ற எல்லாருக்கும் உஷ். நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் மேசைமேல் ஒரு ஃபோன் கிடந்துவிட்டால் உடனே விரலை உதட்டில் வைத்து "உஷ்!" என்பார். பேச்சு காய்கறி விலையைப் பற்றித்தான் இருக்கும். அதற்கும் உஷ்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுவது அவர் வேலை. கடையின் பின்னறையில் ஒரு ஸ்டூல், ஒரு சாணைச் சக்கரம், அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு ஓரம் தேய்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். கடைசியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து, டக்கென்று உட்கார்ந்துவிடும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வேலையே அவருக்காகச் செய்து வைத்த மாதிரி இருக்கும்.

வீட்டில் நடக்கும் கூத்து வேறு. சாப்பாட்டு மேசைமேல் விசில் போன பழைய குக்கர் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். உள்ளே வருகிறவர்கள் ஃபோனை அதில் போட்டு மூடியைத் திருகிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். "போடு, நல்லா வேகட்டும்" என்பாள் அக்கா. ஒருநாள் குக்கருக்குள்ளிருந்து என் ஃபோன் அடித்தது. "வெளியிலிருந்து கால் உள்ள வருதுன்னா, நாம பேசுறதும் வெளிய போகும்தானே அத்தான்?" என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை மனுஷன்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், சம்பளம் தராமல் இழுத்தடித்த ஒரு பட்டறைக்கு எதிராக அவருடைய சிநேகிதர் ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். எங்கே, எப்போது கூடுவது என்று இருவரும் ஃபோனில் பேசியிருக்கிறார்கள். மறுநாள் கண்ணாடி வாங்க வந்த மாதிரி இரண்டு பேர் கடைக்கு வந்து, அதே இடத்தையும் அதே நேரத்தையும் சொல்லி, "நீங்களும் போறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தான் போகவில்லை. போன சிநேகிதர் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. பட்டறை ஆட்களில் யாராவது போட்டுக் கொடுத்திருக்கலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருக்கலாம்" என்பார். சொல்லிவிட்டுக் குக்கர் மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை திருகிப் பார்ப்பார்.

உண்மையில் யாராவது கேட்கிறார்களா இல்லையா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று டிவியில் ஒரு பெரிய மனிதர் வாய் கிழியப் பேசினார். "எது தப்புன்னு முடிவு பண்றது யாரு? இவரா?" என்று அத்தான் கேட்டார், டிவியை அணைத்த பிறகுதான். மெத்தை வாங்கலாமா என்று அக்கா வாய்தவறி ஒரு வார்த்தை சொன்ன மறுநாளே என் ஃபோன் முழுக்க மெத்தை விளம்பரமாக வந்தது. அன்றைக்கு அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

அதனால் தினம் ஒரு சுத்திகரிப்பு. வேலை விட்டு வந்து கைகால் கழுவியதும் தன் ஃபோன், அக்கா ஃபோன், கீழ் மாடியில் குடியிருக்கும் நான் வந்து மாட்டிக்கொண்டால் என் ஃபோன், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, வந்த செய்தி, போன செய்தி, குரல் பதிவு எல்லாவற்றையும் அழிப்பார். வேறு ஊரில் இருக்கும் மகளுக்கும் அதையே சொல்லி வளர்த்திருந்தார். அவளும் அம்மாவின் பதிவுகளைக் கேட்டுவிட்டு உடனே அழித்துவிடுவாள். நல்ல பிள்ளை.

அக்காவுக்குப் பேச்சுத்தான் உயிர். வீட்டில் பேச முடியாததற்கெல்லாம் சேர்த்து அவளுக்குக் கிடைத்த ஒரே வாசல் இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேர். எங்கள் கட்டட இணைப்பு அப்படி. நாளுக்கு நாலு தடவை அறுந்துபோகும். மோடத்தை அணை, போடு, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டைக் கேள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து ஃபோனை விட்டெறியத் தோன்றும். அக்காவோ பால்கனி நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்துவிடுவாள். மறுமுனையில் ஒரு மனிதக் குரல் வந்துவிட்டால் இணைப்பு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. எந்த ஊர், எத்தனை மணி வரை வேலை, சாப்பிட்டாயா என்று குடும்பக் கதை வரைக்கும் போய்விடுவாள். உள்ளேயிருந்து அத்தான் வந்து விரலை உதட்டில் வைப்பார். அக்கா வைத்துவிடுவாள். ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மோடத்தைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

அந்த அக்கா ஒருநாள் மதியம் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவள், வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். வந்தவர்களுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அத்தான் காய்ந்த துணிகளை மடித்து அடுக்கினார். இருவருக்கும் அழுகை வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது. மகள் வந்தாள், இருந்தாள், போனாள்.

போய்க் கொஞ்ச நாள் கழித்து அவள்தான் ஃபோன் செய்து கேட்டாள். "அப்பா, அம்மாவோட குரல் உங்ககிட்ட ஏதாவது இருக்கா? சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

அத்தான் தன் ஃபோனைத் தேடினார். அக்காவின் ஃபோனைத் தேடினார். நான் என்னுடையதைத் துருவினேன். எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. மகளின் கல்யாண வீடியோ ஒன்றுதான் மிச்சம். அதிலும் அந்த வீடியோக்காரர் முதலிலிருந்து கடைசிவரை பாட்டைப் போட்டு மூடியிருந்தார். அக்கா யாரையோ பார்த்து ஏதோ சொல்கிறாள், வாய் அசைகிறது, கேட்பது என்னவோ நாதஸ்வரம்கூட இல்லை, ஏதோ ஒரு கீபோர்டு.

"ஒண்ணும் இல்லைம்மா" என்றார் அத்தான்.

"சரிப்பா" என்றாள் மகள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன்பிறகு அவர் கடைக்குப் போனார், வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். குக்கர் மேசையிலேயே திறந்து கிடந்தது. ஒரு சாயங்காலம், "அவ குரல் எனக்கு மறந்துட்டு வருதும்மா. சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. குரல் வரமாட்டேங்குது" என்றார். கண்ணை மூடி நானும் அக்காவின் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எனக்கும் சரியாக வரவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, "கொஞ்சம் கூட வர்றியா?" என்றார். போன இடம் தொலைபேசி அலுவலகம். கவுன்டரில் இருந்த அம்மாளிடம் அக்காவின் எண்ணைக் கொடுத்தார்.

"இந்த நம்பர்ல பேசினதோட ரெக்கார்டிங் வேணும்."

"நாங்க யாரோட பேச்சையும் ரெக்கார்ட் பண்றதில்லை சார்."

"நீங்க இல்லைம்மா. மேல இருக்கறவங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் எதற்கு அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்? வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"கேட்டிருந்தா பரவாயில்லைம்மா" என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. "நான் புகார் பண்ண வரலை. ஒரு காப்பி கிடைச்சா போதும்."

"சார், உங்க வீட்டு ஃபோனை எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்றாள் அவள். ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். அத்தான் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். இத்தனை வருஷமாக யாரோ கேட்கிறார்கள் என்று அக்காவை அடக்கி வைத்தவர். ஒருத்தரும் கேட்கவில்லை என்றால்?

வீட்டுக்கு வந்தால் வழக்கம்போல் இன்டர்நெட் இல்லை. எரிச்சலோடு கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "சேவையின் தரத்தை உயர்த்துவதற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்றது இயந்திரம். நூறு தடவை கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போன வாக்கியம். அத்தான் தலை நிமிர்ந்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

அக்கா பேசியது அத்தனையும் அங்கே இருக்கிறது!

இன்டர்நெட் கம்பெனி அலுவலகத்தில் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். இணைப்பு அக்காவின் பெயரில் இருக்கிறதாம், அதனால் ஓடிபி அக்காவின் எண்ணுக்குத்தான் போகுமாம். அந்த எண்ணை நிறுத்தியாயிற்று. "அப்போ மேடத்தையே வரச் சொல்லுங்க" என்றான் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன். இறப்புச் சான்றிதழை மேசைமேல் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, அறைந்தேன். உள்ளே போய் மேலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பழைய பதிவுகளை அவ்வப்போது அழித்துவிடுவார்களாம். கடைசியாகப் பேசிய ஒன்று மட்டும் இருக்கிறது, அதுவும் இந்த வாரத்தோடு போய்விடும். வேண்டுமென்றால் கணவர் தன் அடையாளத்தை முழுதாகப் பதிய வேண்டும். கைரேகை, முகம், கூடவே அவருடைய எண், விலாசம், அழைப்பு விவரம் எல்லாவற்றையும் கம்பெனி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஒரு சம்மதம்.

வாழ்நாள் முழுக்க எதை எல்லாம் கொடுக்கமாட்டேன் என்று ஒளிந்தாரோ, அது மொத்தமும் ஒரே மேசையில். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"எங்க வைக்கணும்?" என்றார்.

கட்டைவிரலை வைத்தார். இயந்திரம் சிவப்பு காட்டியது. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடி சிவப்பு. மற்ற விரல்களுக்கும் அதே கதை. சாணையும் தண்ணீரும் அவர் விரல் ரேகையை எப்போதோ தேய்த்து எடுத்துவிட்டிருந்தன. "ரேகையே இல்லையே சார் உங்களுக்கு" என்றான் அட்டைக்காரன். பிறகு, முகம் மட்டும் போதும் என்று அதை எடுத்தார்கள். "நேராப் பாருங்க. கண் சிமிட்டுங்க. தலையை இடது பக்கம் திருப்புங்க" என்றது திரை. அத்தான் சொன்னதையெல்லாம் செய்தார். சம்மதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் மெயில் வந்தது. மகளை ஒரு ஃபோனில் பிடித்து வைத்துக்கொண்டு, இன்னொன்றில் அந்தப் பதிவைத் தட்டினேன். குக்கருக்குப் பக்கத்தில் இரண்டு ஃபோனும் திறந்தபடி கிடந்தன.

"ஹலோ... ஹலோ கண்ணு, கேக்குதா?"

அக்கா! மகள் மூச்சை இழுத்தது இங்கே கேட்டது. அக்கா தன் வாடிக்கையாளர் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாள் மறுமுனையில் இருந்த கஸ்டமர் கேர் பெண்.

"அதைத்தானேம்மா காலையிலிருந்து பண்ணிட்டிருக்கேன். கையே வலிக்குது."

அந்தப் பெண் சிரித்தாள். "ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணுங்க மேடம், லைட் பச்சையா மாறும்."

"மாறட்டும், என்ன அவசரம். நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லை மேடம்."

"வேளைக்குச் சாப்பிடணும்மா. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், வேலைன்னு உக்காந்துட்டா பசியே தெரியாது. நான் ஃபோன்ல பேசினாலே அவருக்கு ஆகாது, தெரியுமா? ஆனா உங்கிட்ட ஒண்ணு சொல்றேன் கேளு..." அக்கா குரலைத் தாழ்த்தினாள். அதில் ஒரு சிரிப்பு இருந்தது. "இந்த மனுஷன் இருக்காரே..."

"உஷ்!"

பதிவுக்குள் அத்தானின் குரல். "சரிம்மா, வெச்சிடறேன்" என்றாள் அக்கா. பதிவு முடிந்தது.

பிறகு மகளின் குரல் வந்தது. "அப்பா... அம்மா என்ன சொல்ல வந்தாங்க?"

"தெரியலையேம்மா."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்காளா? என்னைப் பத்தி?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் நான். அவரைப் பற்றி அக்கா என்னிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தச் சிரிப்போடு சொன்னதில்லை.

"இல்லை அத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ரேகை இல்லாத அந்த விரலால் பதிவை மறுபடி தட்டினார். "இந்த மனுஷன் இருக்காரே..." என்றாள் அக்கா. அதற்கு மேல் அவர் அவளைப் பேசவிடவில்லை.